மஞ்சள் கறைக்கு யார் பணம் கட்டுவது?

சிங்கப்பூரில் வாடகை வீட்டைக் காலி செய்யும் நாளில் பல சச்சரவுகள் சமையல் மேடையில்தான் தொடங்குகின்றன. ஈராண்டுப் புழக்கத்தில் மேடை பளபளப்பு குறைவது இயல்பான தேய்மானம். பொதுவான ஒப்பந்தங்களில் அதற்கு வாடகைதாரரிடம் பணம் கேட்க முடியாது. சூடான சட்டியை அப்படியே வைத்து மேடை உப்பினாலோ, பலகையில்லாமல் நறுக்கிக் கீறல் விழுந்தாலோ, அவர்தான் பதில் சொல்லவேண்டும். நம் வீட்டு மஞ்சள் கறையோ இரண்டுக்கும் நடுவே நிற்கிறது! உடனே துடைத்தால் போய்விடும். ஊறவிட்டால் வைப்புத்தொகையில் கைவைக்கும்.

எனவே குடிபுகும் நாளிலேயே மேடையைப் படமெடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள். குழாய் கசிந்தால் அன்றே எழுத்தில் தெரிவியுங்கள்.

பேசித் தீராவிட்டால், ஈராண்டுக்கு மிகாத வீட்டு வாடகை ஒப்பந்தங்களுக்குச் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வெள்ளி வரை கோரலாம். அங்கே வழக்கறிஞர் வாதாட முடியாது. படங்களும் கடிதங்களும்தான் பேசும்.