வளைக்கும்போது கடகடக்கும் மினி டிராக்டர்: பிரிப்பதற்கு முன் இதைப் பாருங்கள்!

பொள்ளாச்சிப் பக்கம் மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு. மர வரிசைகளுக்கு நடுவே உழ 18 குதிரைத்திறன் மினி டிராக்டர் ஒன்று இருக்கிறது. கைமாறி வந்த வண்டி, வயது இருபதைத் தாண்டிவிட்டது. தென்மேற்குப் பருவமழை ஈரத்தில் சணப்பு விதைப்பதற்காக ரொட்டவேட்டர் ஓட்டிக்கொண்டிருந்தார் விவசாயி. வரிசை முடியும் இடத்தில் வண்டியின் பின்பக்கத்திலிருந்து ‘கடகட’வென்று சத்தம். சில நொடிகளில் நின்றுவிட்டது. அடுத்த வரிசையிலும் அதே கதை.

தோப்பில் மட்டை பொறுக்கிக்கொண்டிருந்த மனைவிதான் முதலில் அதைக் கவனித்தார். “ஏனுங்க, நேராப் போறப்ப ஒண்ணுமில்லீங்க. கடைசியில வளைக்கறப்பத்தான் கடகடங்குது.”

மெக்கானிக் வந்தார். “வளைக்கறப்ப சத்தம்னா டிஃபரன்ஷியல்தாங்ணா. பிரிச்சாத்தான் தெரியும்” என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. டிராக்டர் நேராக ஓடும்போது டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் சிறு பல்சக்கரங்கள் தம் அச்சில் சுழல்வதில்லை. ஒரு சக்கரம் வேகமாகவும் மற்றது மெதுவாகவும் உருளும் திருப்பத்தில்தான் அவற்றுக்கு வேலை. ஆனால், பின்பக்கத்தைப் பிரித்தால் பத்து நாளாவது வண்டி நிற்கும். பழைய மாடலுக்குப் பாகம் தேடி அலைய வேண்டும். அதற்குள் மண்ணில் ஈரம் இருக்காது. ‘பேசாமல் இரும்பு விலைக்குப் போட்டுவிடலாமா’ என்றுகூட வீட்டில் பேச்சு வந்தது.

பக்கத்துத் தோட்டத்தில் வண்டி ஓட்டும் முதியவர் ஒருவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “வளைக்கறப்ப வேற என்னங்க தம்பி செய்யறீங்க?”

ரொட்டவேட்டரைத் தூக்குகிறார்! அதுவும் பி.டி.ஓ.வை நிறுத்தாமலே தூக்குகிறார். வரிசைக் கடைசியில் வண்டி திரும்புவது ஒன்று, கருவி மேலே போவது இன்னொன்று. இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதால் பழி திருப்பத்தின் மேல் விழுந்துவிட்டது.

இரண்டையும் பிரித்துப் பார்த்தார்கள். முதலில் ரொட்டவேட்டரைத் தூக்கி, பி.டி.ஓ.வை நிறுத்திவிட்டு, வெற்றிடத்தில் இடமும் வலமுமாக வண்டியை வளைத்தார்கள். சத்தம் இல்லை. அடுத்து, சமதளத்தில் வண்டியை நியூட்ரலில் நிறுத்தி, பிரேக் போட்டு, ரொட்டவேட்டரைத் தரையிலிருந்து சற்றே உயர்த்தி பி.டி.ஓ.வை ஓடவிட்டார்கள். பின்னால் யாரையும் நிற்கவிடவில்லை. சீட்டில் உட்கார்ந்தபடியே மெதுவாக மேலே தூக்க, பாதி உயரம் தாண்டியதும் அதே ‘கடகட’. வண்டி ஓர் அடிகூட நகரவில்லை. திருப்பத்துக்கும் சத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை என்பது தெரிந்துபோனது.

என்ஜினை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, டிராக்டரையும் ரொட்டவேட்டரையும் இணைக்கும் ஷாஃப்ட்டைக் கையால் அசைத்துப் பார்த்தார்கள். முன்பக்க கிராஸ் ஆடியது. கழற்றியபோது இரண்டு கிண்ணங்களில் கிரீஸ் இல்லை. ஊசி பேரிங் இருந்த இடத்தில் செம்பழுப்புத் துரும்புத்தூள். கிராஸின் முனைகளில் ஊசிகள் பதிந்த கோடுகள். புதிய கிராஸ் சில நூறு ரூபாய்தான். மறுநாளே உழவு தொடர்ந்தது.

மடக்கு இணைப்பு நேராக இருக்கும்வரை சீராகச் சுழலும். மடங்கினால் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்று ஓடினால், நொடிக்கு 9 சுற்று, 18 குலுக்கல். கருவியைத் தூக்கத் தூக்க மடக்கு அதிகமாகும். தேய்ந்த கிராஸ் அப்போதுதான் வாய் திறக்கும். சத்தத்தின் வேகமே இதற்கு ஒரு துப்பு. டிஃபரன்ஷியல் கோளாறு என்றால், மெதுவாக உருளும் சக்கரத்துக்கு ஏற்ப ‘டக்... டக்...’ என்றுதான் கேட்கும். படபடவென்று அடுக்கினால், முதலில் ஷாஃப்ட்டைப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

ஷாஃப்ட்டை இழுத்துக் கழற்றி மாட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரு முனைக் கவைகளும் ஒரே வாட்டத்தில் இருக்க வேண்டும். ஒன்று நிமிர்ந்தும் மற்றொன்று படுத்தும் இருந்தால், புது கிராஸ்கூட அதிர்ந்து சீக்கிரம் போய்விடும். எட்டு மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை நிப்பிளில் கிரீஸ் அடியுங்கள். உயரத் தூக்குவதற்கு முன் பி.டி.ஓ.வை நிறுத்துங்கள். ஷாஃப்ட் மூடியைக் கழற்றி வீசிவிட்டு ஓட்டுவது பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது. துண்டோ, சேலை முந்தானையோ சிக்கினால், கை நீட்டி நிறுத்த நேரம் கிடைக்காது.

பி.டி.ஓ.வை நிறுத்திய பிறகும் திருப்பத்தில் சத்தம் வந்தால், மெக்கானிக் சொன்ன சந்தேகம் சரிதான். அப்போதும் உடனே பிரிக்க வேண்டாம். சக்கர போல்ட்டுகள் தளர்ந்திருக்கின்றனவா என்று முதலில் பார்த்துவிட்டு, பின்பக்க ஆயிலில் கொஞ்சம் வெள்ளைத் துணியில் வடியுங்கள். பால்போல் இருந்தால், சேற்று உழவில் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது; ஆயிலை மாற்றி, எங்கே கசிகிறது என்று தேட வேண்டும். காந்தத்தில் ஒட்டும் சாம்பல்நிறக் குழம்பு பழைய வண்டிக்கு இயல்பு. விரலில் குத்தும் இரும்புச் சில்லு வந்தால் மட்டும் வண்டியை அதே இடத்தில் நிறுத்திவிட வேண்டும். உடைந்த ஒரு பல் மற்ற சக்கரங்களுக்கு இடையே சிக்கினால், பெட்டியே விரிசல் விடும்.