முகிலுக்குள் 178 செக்கன்கள்

“கண்ணாற் காண்பதும் பொய், காதாற் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்” என்பது நம் முதியோர் வாக்கு. இதன் உண்மையை உயிரையே பணயமாக வைத்துக் கற்கவேண்டியவர் ஒருவர் உளர். ஆகாய விமானம் ஓட்டப் பழகும் மாணவரே அவர்.

1954ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இலினோய்ஸ் பல்கலைக்கழகத்தார் ஒரு பரிசோதனை நடத்தினர். கருவிகளை மட்டும் நம்பிப் பறந்து பழகாத இருபது பேரை விமானத்தில் ஏற்றி, பக்கத்தில் ஆசிரியரை அமர்த்தி, வெளிக்காட்சி தெரியாதவாறு மறைத்தனர். முகிலுக்குள் அகப்பட்டவனின் நிலை அது. இருபது பேரும் விமானத்தைக் கட்டுப்படுத்தும் ஆற்றலை இழந்தனர். ஒருவர் 20 செக்கன்களிலேயே தடுமாறினார். மற்றொருவர் 480 செக்கன்கள் தாக்குப் பிடித்தார். சராசரி 178 செக்கன்கள். மூன்று நிமிடமும் நிறையவில்லை!

இதற்குக் காரணம் யாது? நமது உட்செவியிலே திரவம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழாய்கள் உள்ளன. ஒரு செம்பில் நீர் நிரப்பி மெல்லச் சுழற்றிப் பாருங்கள். முதலில் நீர் பின்தங்கும். சிறிது நேரத்தில் செம்போடு சேர்ந்து சுழலும். செம்பை நிறுத்தினாலும் நீர் நில்லாது. செவியினுள்ளும் இதுவே நிகழ்கின்றது. விமானம் ஒரே சீராகத் திரும்பிக்கொண்டிருந்தால், சில செக்கன்களின் பின் திரும்பும் உணர்வே மறைந்துவிடும். அதனை நேராக்கினாலோ, எதிர்ப்புறம் திரும்புவதாகத் தோன்றும். விமானி அத்தோற்றத்தை நம்பி மீண்டும் பழைய பக்கமே சாய்ப்பார். சாய்ந்த விமானத்தின் மூக்குத் தாழும், வேகம் மிகும். கீழிறங்குவதை மட்டும் கண்ட அவர் மூக்கை உயர்த்த முயல்வார். சிறகுகள் சாய்ந்திருப்பதால் விமானம் உயராது, சுழற்சியே இறுகும்.

இப்பொய்யை வெல்ல வழி காட்டியவர் ஜேம்ஸ் டூலிற்றில். 1929 செப்டெம்பர் 24இல், நியூயோர்க் மாநிலத்து மிச்செல் தளத்தில், மூடிய கூட்டினுள் இருந்தவாறே, வெளியே பாராது, கருவிகளைக் கொண்டே அவர் விமானத்தை எழுப்பிப் பறந்து இறக்கினார். செயற்கை அடிவானம் என்னும் கருவி அன்று அவருக்குக் கண்ணாயிற்று.

பறக்கப் பழகுவோர் மனத்திற் கொள்ளத்தக்கவை சில:

முதலாவது, புறப்படுமுன் வானிலையை அறிந்து, எந்நிலை கண்டால் திரும்புவது என்பதைத் தரையிலேயே முடிவு செய்க. வானத்தில் ஆசை அறிவை மறைக்கும்.

இரண்டாவது, முகில் எதிர்ப்படின் நுழையுமுன் திரும்புக. தவறி நுழைந்துவிடின், கருவிகளைப் பார்த்துச் செக்கனுக்கு 3 பாகை வீதம் திரும்புக. ஒரு நிமிடத்தில் 180 பாகை திரும்பி வந்த வழியே மீளலாம். இலினோய்ஸ் மாணவர்களும் சில மணி நேரம் இதனைப் பழகிய பின், ஏறக்குறைய எல்லா முயற்சிகளிலும் வெற்றி கண்டனர்.

மூன்றாவது, ஒரே கருவியில் கண்ணை ஊன்றாதீர். செயற்கை அடிவானம், வேகமானி, உயரமானி ஆகியவற்றை மாறி மாறி நோக்குக. தலையைத் திடீரெனத் திருப்பாதீர்.

நான்காவது, சுழன்று இறங்க நேரின், இயந்திர விசையைக் குறைத்து, சிறகுகளைச் சமமாக்கி, அதன் பின்னரே மூக்கை மெல்ல உயர்த்துக. இவ்வரிசை மாறலாகாது.

1999 யூலை 16ஆம் நாள் இரவு, ஜனாதிபதி கென்னடியின் மைந்தர் ஜோன் கென்னடி, மனைவியோடும் அவர்தம் சகோதரியோடும் மங்கிய வானில் கடல்மேற் பறந்தார். கருவிப் பறப்புக்குரிய தகுதிச் சான்று அவரிடம் இருக்கவில்லை. மாதாஸ் வின்யாட் தீவுக்கருகே விமானம் கடலில் வீழ்ந்து மூவரும் மாண்டனர். திசையும் நிலையும் அறியா மயக்கத்தால் விமானம் கட்டுப்பாட்டை இழந்ததென விசாரணையாளர் முடிவு செய்தனர். அன்று முகிற்கூட்டமோ புயலோ காரணமன்று. அடிவானம் தெரியவில்லை, அவ்வளவே.

பெற்றோரே, உங்கள் பிள்ளை விமானியாக விரும்பினால் துணிவை மட்டும் பாராட்டாதீர்கள். வானிலை கெட்டதெனப் பாதிவழியில் திரும்பி வரும் நாளிலும் பாராட்டுங்கள். அந்த ஒரு நிமிடத் திருப்பமே அவனை வீடு சேர்க்கும்.