பூச்சிய வீதத்துக்குள் மறையும் குடும்பங்கள்

கொழுந்து நிறுக்கும்போது தராசு 18.5 கிலோ காட்ட, கணக்கப்பிள்ளை 18 என்று எழுதினால் அந்த அரைக் கிலோ யாருடையது என்று நம் பெண்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே காரியம் அறிக்கைகளிலும் நடக்கிறது. அங்கே தராசுக்குப் பதில் கணனி.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டைப் பார்ப்போம். இலங்கையின் மொத்தச் சனத்தொகை 20,359,439. அதில் இந்தியத் தமிழர் என்று பதியப்பட்டோர் 839,504. இதை எக்செலில் வகுத்து வீதக் குறியை அழுத்தினால் 4% என்று காட்டும். வெறும் 4 வீதம் என்றால் 814,378 பேர்தான். 25,126 பேர் குறைகிறார்கள்!

உண்மையில் கணனி முழு விடையையும் உள்ளே வைத்திருக்கிறது. காட்டும்போது மட்டுமே மட்டந்தட்டுகிறது. தசம தானத்தைக் கூட்டும் பொத்தானை இரண்டு முறை அழுத்தினால் 4.12% வரும். ஆர் என்ற புள்ளிவிபர மென்பொருள் இதே கணக்குக்குக் கேளாமலே 4.123414 என்று தரும். அங்கே ஆபத்து வேறு. இடையில் ‘ரவுண்ட்’ கட்டளை கொடுத்து அந்த விடையையே சேமித்தால், வெட்டுப்பட்ட எண்தான் அடுத்த கணக்குகளுக்கும் போகும். ஆகவே கணக்கை முழு எண்ணில் நடத்தி, அச்சிடும்போது மட்டும் எத்தனை தானம் என்று சொல்ல வேண்டும். அச்சான தாளைப் பார்த்து இன்னொருவர் மறுபடி தட்டச்சு செய்தாலோ, உள்ளே இருந்த எண்ணுக்கு வழியே இல்லை.

இது சின்ன விஷயமா? ஜேர்மனியின் ஷ்லெஸ்விக் ஹொல்ஸ்டைன் மாநிலத்தில் 1992 ஏப்ரல் 5ஆம் திகதி தேர்தல் நடந்தது. ஆசனம் பெற 5 வீதம் வேண்டும். பசுமைக் கட்சி பெற்றது 4.97. ஒரு தசம தானம் மட்டுமே அச்சிடும் மென்பொருள் அதை 5.0 என்று காட்ட, கட்சிக்கு ஆசனமும் அறிவிக்கப்பட்டது. நள்ளிரவுக்குப் பின் பிழை தெரிந்தது. திருத்தியபோது சமூக சனநாயகக் கட்சிக்கு ஓர் ஆசனப் பெரும்பான்மை கிடைத்தது. நம் நாட்டிலும் 1988 முதல் மாவட்டத்துக்கு 5 வீத எல்லை உண்டு. ஆனால் நமது அரசியலமைப்பு அதை வீதமாக எழுதாமல், வாக்குகளில் இருபதில் ஒரு பங்கு என்று எழுதியிருக்கிறது. அது நல்லது.

இனி நம் கதைக்கு வருவோம். மண்சரிவில் இடம்பெயர்ந்த 700 குடும்பங்களைப் பற்றி ஓர் அறிக்கை தயாராகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களில் மரக்கறித் தோட்டத்தை இழந்தவை 3 குடும்பங்கள். அது 0.43 வீதம், தாளில் 0% என்று விழும். அதைக் காணும் உத்தியோகத்தர் விதைக்கும் உரத்துக்கும் பணம் ஒதுக்குவாரா? அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது, தாள் அப்படித்தான் சொல்கிறது. அதற்காக 0.428571 என்று நீட்டி எழுதுவதும் வீண் பகட்டு. ‘3 குடும்பங்கள், 0.43%’ என்று எண்ணிக்கையோடு எழுதினால் போதும்.

பிரதேச செயலகக் கூட்டத்தில் 0% என்று ஒரு வரி வாசிக்கப்பட்டால் எழுந்து கேளுங்கள்: “அது எத்தனை குடும்பம், ஐயா?”