மெழுகுருளையில் நின்ற குரல்

தபால் தலைகளையும் பழைய நாணயங்களையும் தீப்பெட்டி அட்டைகளையும் சேகரிப்போரை நம் மாணவர்கள் நன்கு அறிவர். ஆனால், மறைந்த மனிதரின் குரலைச் சேகரிப்போரும் உலகில் உளர் என்றால் அவர்கள் வியப்படையக்கூடும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சிலர் பழங்கடைகளிலும், ஏல விற்பனைகளிலும், முதியோர் வாழ்ந்து மறைந்த வீடுகளின் மேல்மாடங்களிலும் தேடியலைந்து, ஒரு சாண் நீளம்கூட இல்லாத மெழுகு உருளைகளை வாங்கிப் பஞ்சில் பொதிந்து காத்து வருகின்றனர். பார்ப்பதற்கு அது கரும்பழுப்பு நிற மூங்கில் துண்டு போல் இருக்கும். 4¼ அங்குல நீளம், 2¼ அங்குல விட்டம், நடுவே துளை, அவ்வளவே. கிராமபோன் இசைத்தட்டு பரவுவதற்கு முன்னர் பாட்டும் பேச்சும் இத்தகைய உருளைகளிலேதான் பதிவாயின.

1877ஆம் ஆண்டின் இறுதியில், அமெரிக்க நாட்டு நியூ ஜெர்சி மாநிலத்தின் மென்லோ பார்க் என்னும் ஊரில், தாமஸ் ஆல்வா எடிசன் போனோகிராப் என்ற கருவியை உருவாக்கினார். சுழலும் உருளையின்மேல் வெள்ளீயத் தாளைச் சுற்றி, அதன்மேல் ஊசியொன்றைப் பொருத்தி, குழல் வழியே குழந்தைப் பாட்டு ஒன்றை உரக்கச் சொன்னார். குரலின் அதிர்வு மெல்லிய தகட்டை அசைக்க, தகடு ஊசியை அசைக்க, ஊசி ஈயத் தாளில் மேடும் பள்ளமுமாகத் தடம் பதித்தது. மீண்டும் உருளையைத் தொடக்கத்திற்குக் கொணர்ந்து சுழற்றியபோது அதே தடம் ஊசியை அசைத்தது. ஊசி தகட்டை அசைத்தது. கருவி அவர் சொன்னதையே திருப்பிச் சொல்லிற்று. இதன் அடிப்படைத் தத்துவம் இவ்வளவு எளியதே. இதற்கு மின்சாரம் வேண்டுவதில்லை.

ஈயத் தாள் சில முறை கேட்டவுடன் நைந்து போயிற்று. ஆகவே, அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் ஆய்வகத்தைச் சேர்ந்த சிசெஸ்டர் பெல்லும் சார்லஸ் டெயின்டரும் மெழுகு பூசிய அட்டை உருளையைக் கையாண்டு 1886இல் உரிமம் பெற்றனர். எடிசனும் வாளாவிருக்கவில்லை. 1888இல் முழுதும் மெழுகுப் பொருளால் ஆன உருளையுடன் தம் கருவியைச் செப்பமுறச் செய்தார். அதன் பின்னரே இசைப் பதிவு ஒரு வணிகமாக வளர்ந்தது.

சேகரிப்பாளர் மிகவும் விரும்பித் தேடுவது அந்தத் தொடக்கக் காலத்துப் பழுப்பு மெழுகு உருளைகளையே. அதற்குத் தக்க காரணம் உண்டு. இன்று ஒரு பாட்டை ஒரு முறை பாடினால் கோடிப் படிகள் எடுக்கலாம். அன்று அது இயலாது. பாடகர் பல கருவிகளின் குழல்கள் முன்னே நின்று பாடுவார். அத்தனை கருவிகளில் அத்தனை உருளைகள் கிடைக்கும். மேலும் உருளைகள் வேண்டுமெனில் அதே பாட்டை மறுபடியும் பாட வேண்டும்! வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்து, பின்னர் நியூயார்க் தெருக்களில் சீழ்க்கையடித்தும் பாடியும் பிழைத்த ஜார்ஜ் வாஷிங்டன் ஜான்சன் என்னும் கறுப்பினப் பாடகர், 1890 முதல் இவ்வாறுதான் பாடினார். அவருடைய சிரிப்புப் பாட்டு நாடெங்கும் விற்றது. ஒவ்வொரு சுற்றிலும் அவர் புதிதாகச் சிரிக்க வேண்டும். நாள் முழுதும் நின்று சிரிக்க வேண்டும். அவருக்குக் கிடைத்ததோ பாடிய முறைக்கு இவ்வளவு என்னும் சிறு கூலியே. இவ்வேலையின் கடுமையை எண்ணும்போது அந்தச் சிரிப்பைக் கேட்டு முழு மனத்தோடு மகிழ என்னால் இயலவில்லை. எனினும், இதனால் விளைந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஜான்சனின் ஒரே பாட்டு அடங்கிய இரண்டு பழுப்பு உருளைகளை ஒப்பிட்டால், அவை பெரும்பாலும் ஒன்றுபோல் இரா. ஒன்றில் மூச்சு வாங்குவார். மற்றொன்றில் சற்று விரைந்து முடிப்பார். அவ்வுருளை உடைந்தால் அந்தச் சிரிப்பு உலகில் வேறெங்கும் கிடையாது.

1902இல் இந்நிலை மாறியது. மூல உருளையின்மேல் பொன்னை ஆவியாக்கி மிக மெல்லிய படலமாகப் படியச் செய்து, அதிலிருந்து உலோக அச்சு எடுத்து, அந்த அச்சில் கரிய மெழுகை வார்க்கும் முறையை எடிசன் நிறுவனம் கைக்கொண்டது. 'பொன் வார்ப்பு' என்று பெயர் பெற்ற இக்கரிய உருளைகள் பெருமளவில் கிடைப்பதால், புதிதாகச் சேகரிக்கத் தொடங்குவோர் கையில் முதலில் வந்து சேர்வன இவையே. நிமிடத்திற்கு 160 சுற்று வீதம் சுழலும் இவற்றில் பாட்டு ஏறத்தாழ இரண்டு நிமிடம் ஒலிக்கும். 1908இல் அங்குலத்திற்கு 100 ஆக இருந்த தடங்களை 200 ஆக நெருக்கி நான்கு நிமிட உருளைகளை வெளியிட்டனர். 1912இல் மெழுகையே கைவிட்டு, உள்ளே பாரிஸ் சாந்தும் வெளியே நீலநிறச் செல்லுலாய்டும் கொண்ட 'புளூ அம்பரால்' உருளைகளைச் செய்தனர். கண்ணுக்கு அழகானவை, கீழே விழுந்தாலும் எளிதில் உடையாதவை. ஆயினும், 1915 முதல் வெளிவந்தவற்றுள் பெரும்பாலானவை எடிசனின் இசைத்தட்டுகளிலிருந்து பெயர்த்துப் பதியப்பட்டவை. எனவே ஒலி சற்று மங்கலாக இருக்கும். 1929இல் எடிசன் நிறுவனம் உருளை வணிகத்தை அறவே நிறுத்திவிட்டது. எமில் பெர்லினரின் தட்டு வென்றது. ஒரு தட்டைப் படியெடுப்பதும் அடுக்கி வைப்பதும் எளிது. உருளையை அவ்வாறு அடுக்க இயலாதன்றோ!

இனி, உருளையைக் கையாளும் முறையைக் காண்போம். மெழுகுருளையின் வெளிப்புறத்தைத் தொடுதல் ஆகாது. சுட்டு விரலையும் நடு விரலையும் துளைக்குள் நுழைத்து, உள்ளிருந்தபடியே மெல்ல விரித்துத் தூக்க வேண்டும். குளிர்ந்த உருளையில் வெதுவெதுப்பான விரல் சட்டென்று பட்டாலே விரிசல் காணும் என்று அனுபவமுள்ளோர் எச்சரிக்கின்றனர். துளையின் ஒரு புறம் அகன்றும் மறுபுறம் சற்று ஒடுங்கியும் இருக்கும். கருவியின் தண்டும் அவ்வாறே. தலைகீழாக நுழைத்து அழுத்தினால் உருளை பிளந்துவிடும். பிற்கால உருளைகளில் விளிம்பில் பாட்டின் பெயர் பொறித்திருக்கும். அந்த விளிம்பு வெளிப்பக்கம் நோக்கி இருத்தல் வேண்டும். ஊசியும் பொருந்தியதாதல் வேண்டும். இரண்டு நிமிட உருளைக்கான தடித்த ஊசியை நான்கு நிமிட உருளையின் நுண்ணிய தடத்தில் இறக்கினால் தடம் சிதையும். நீல உருளைக்கு உரிய வைர ஊசியை மெழுகின்மேல் வைத்தாலோ கேட்க வேண்டியதே இல்லை, உழுத வயல்தான்!

இவை அனைத்தையும்விடக் கொடிய பகை ஈரம். மெழுகின்மேல் பூஞ்சணம் படர்ந்து, அதையே உண்டு, தடத்தைத் தின்றுவிடும். வெண்புள்ளிகளாகத் தோன்றும் அப்பூஞ்சணத்தைத் துடைத்து அகற்றலாம்; அது தின்ற ஒலியை மீட்க இயலாது. நீல உருளைகளிலும் உள்ளிருக்கும் சாந்து ஈரத்தை உறிஞ்சி உப்பிவிட, உருளை தண்டில் ஏற மறுக்கும். மழைக்காலந்தோறும் பள்ளி நூல்நிலையத்துப் புத்தக அட்டைகளில் வெண்மை படர்வதைக் கண்டு வருந்தும் எனக்கு, நம் நாட்டில் ஒரு மெழுகுருளையைக் காப்பது எத்துணை கடினம் என்பதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இத்துணை இடர்ப்பாட்டுடன் இவற்றைக் காக்க வேண்டிய தேவை என்ன? 1878இல் ஓர் இதழில் எடிசன் தம் கருவியின் பயன்களைப் பட்டியலிட்டபோது, குடும்பத்தாரின் குரல்களையும் இறக்கும் தறுவாயில் உள்ளோரின் சொற்களையும் பாதுகாத்தலை அவற்றுள் ஒன்றாகக் குறிப்பிட்டார். இசை வணிகம் அதை மறைத்துவிட்ட போதிலும், அது நிகழாமல் இல்லை. மெழுகுருளையின் மேற்பரப்பைச் சீவிவிட்டுப் புதிதாகப் பதியலாம் என்பதால், பலர் தத்தம் இல்லங்களிலேயே பாடியும் பேசியும் வேடிக்கை செய்தும் பதிந்தனர். பெயரறியா அம்மக்களின் உருளைகளைச் சேகரிப்பாளர் சிலர் பொறுமையாகத் திரட்டினர். அத்தொகுதி இன்று சாந்தா பார்பராவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது.

நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் இசை நாடக அரங்கில் நூலகராக இருந்த லயனல் மேப்பிள்சன், தம் சொந்தக் கருவியுடன் மேடைக்கு மேலிருந்த நடைபாதையில் ஏறி நின்று, 1901 முதல் 1903 வரை நிகழ்ச்சிகளைத் துண்டு துண்டாகப் பதிந்தார். ஜான் தெ ரெஸ்கே என்னும் புகழ்வாய்ந்த பாடகரின் குரல் இன்று கேட்கக் கிடைப்பது அந்த இரைச்சல் மிகுந்த உருளைகளில் மட்டுமே. கல்கத்தாவில் கூந்தல் தைல வணிகர் ஹேமேந்திர மோகன் போஸ், இரவீந்திரநாத் தாகூரின் குரலை உருளையில் பதிந்து விற்றார். இலங்கை வேடர்களின் பாடல்களைச் செலிக்மன் தம்பதியர் உருளைகளில் பதிந்தனர். 1911இல் வெளிவந்த அவர்தம் நூலில் அவ்விசையைச் சார்லஸ் மையர்ஸ் ஆராய்ந்து எழுதியுள்ளார்.

அதே 1911இல் கலிபோர்னியாவின் ஓரோவில் என்னும் சிற்றூரில், பசியால் மெலிந்த செவ்விந்தியர் ஒருவர் காட்டிலிருந்து தனியே வந்து சேர்ந்தார். குடியேறியோரால் அவருடைய யாஹி இனத்தார் அழிக்கப்பட்டிருந்தனர். அவர் ஒருவரே எஞ்சியிருந்தார். அவர் தம் பெயரைக் கூறவில்லை. 'மனிதன்' என்னும் பொருள்படும் இஷி என்ற சொல்லாலேயே அவரை அழைத்தனர். சான்பிரான்சிஸ்கோ அருங்காட்சியகத்தில் மெழுகுருளையின் முன் அமர்ந்து அவர் தம் மொழியில் கதைகள் சொன்னார்; பாடினார். 1916இல் மறைந்தார். அம்மொழியை அவரைப்போல் பேச இன்று எவரும் இலர், உருளைகள் இருக்கின்றன.

இங்கேதான் சேகரிப்பாளரின் பெருந்துன்பம் எழுகிறது. ஒவ்வொரு முறை ஊசி ஓடும்போதும் மெழுகு சிறிது தேய்கிறது. கேட்டால் அழியும், கேளாது வைத்தால் இருந்தும் இல்லாததே. ஒரே படியாக எஞ்சிய உருளையைக் கையில் வைத்துக்கொண்டு, ஓட்டலாமா வேண்டாமா என்று ஆண்டுக்கணக்கில் தயங்கியிருந்தோர் உண்டு. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கார்ல் ஹேபர் என்னும் இயற்பியலாளர் இதற்கொரு வழி கண்டார். ஊசியே படாமல், ஒளியைச் செலுத்தித் தடத்தின் மேடுபள்ளங்களை நுணுக்கமாக அளந்து, அந்த அளவுகளிலிருந்து கணினி ஒலியை மீட்டெடுக்கும். விரிசல் கண்ட உருளைகளும் இவ்வகையில் பேசத் தொடங்கியுள்ளன.

பெயர் எழுதி வைக்காமையால் நேர்ந்த இழப்பும் சிறிதன்று. 1957இல் எடிசனின் வெஸ்ட் ஆரஞ்சு ஆய்வகத்தில் குறிப்பில்லாத உருளைகள் அடங்கிய பெட்டியொன்று கிடைத்தது. அவற்றில் இருப்போர் யாரெனத் தெரிய ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. அதில் ஒருவர் ஜெர்மனியின் பிஸ்மார்க்; 1889இல் பதிந்தது. மற்றொருவர் படைத்தலைவர் மோல்ட்கே. அவர் 1800இல் பிறந்தவர். அவருக்கு முன் பிறந்த எவருடைய குரலும் இன்றுவரை கிடைக்கவில்லை.

மாணவச் செல்வங்களே, உருளையை வாங்கக் கடல் கடந்து செல்ல வேண்டியதில்லை. மேற்கூறிய கலிபோர்னியாப் பல்கலைக்கழக நூலகம் 2005 முதல் பல்லாயிரம் உருளைகளின் ஒலியைக் கணினி வழியே எவரும் கேட்குமாறு வைத்துள்ளது. ஆசிரியரிடம் கூறினால் கேட்கச் செய்வார். முதலில் தகரக் கூரையில் மழை பெய்வது போன்ற இரைச்சல் எழும். கருவி பழுதோ என்று எண்ணிக் கையை எடுத்துவிட வேண்டாம். சற்றுப் பொறுத்தால், அந்த மழைக்கு அப்பாலிருந்து ஒருவர் பாட்டின் பெயரை உரக்க அறிவிப்பார். அதன்பின் ஜான்சன் சிரிக்கத் தொடங்குவார்.