தண்ணீரில் மூழ்கும் துணி

செட்டியார்பட்டி, தளவாய்புரம் பக்கம் உடுத்துவதற்கு நைட்டி தைக்கிறார்கள். ராஜபாளையத்துக்குக் கிழக்கே சத்திரப்பட்டியில் நெய்வது புண்ணுக்குப் போர்த்தும் துணி. எந்த ஊர் ஆஸ்பத்திரியில் நம் காயத்துக்குக் கட்டுப் போட்டாலும், அந்தத் துணி இந்தக் கரிசல் மண்ணில் நெய்ததாக இருக்கக்கூடும்.

தறியிலிருந்து இறங்கிய பேண்டேஜ் துணியில் ஒரு துண்டை வெட்டித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மிதக்கும். பருத்தி தண்ணீரை உறிஞ்சும் என்று நினைத்திருந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். பருத்தி இழை பெரும்பாலும் செல்லுலோஸ். அது தண்ணீரை விரும்பி ஏற்கும் பொருள்தான். ஆனால் காயிலிருக்கும்போதே செடி அந்த இழைக்கு மெல்லிய மெழுகுப் பூச்சு கொடுத்துவிடுகிறது. பாவு நூல் அறுந்துவிடாமலிருக்க ஏற்றிய கஞ்சி வேறு அதன்மேல் இருக்கிறது. கஞ்சியை நீக்கி, காஸ்டிக் சோடாவில் கொதிக்கவைத்து, ஹைட்ரஜன் பெராக்சைடில் வெளுத்த பிறகு அதே துணியைப் போட்டால் சரசரவென்று நனைந்து அடியில் போய்விடுகிறது. 10 விநாடிக்குள் மூழ்க வேண்டும் என்பது மருத்துவத் துணிக்கான தர விதி. பாவு, ஊடை என்ற நெடுக்கு, குறுக்கு நூல்கள் இடைவெளி விட்டு ஓடுவதும் காரணத்தோடுதான்: இழைகளின் இடுக்கு வழியே கசிவு மேலேறி, புண்ணைவிட்டு விலகிப் போகும்.

துணிக்கு அடியில் நம் உடம்பும் ஒரு தறி ஓட்டுகிறது. வெட்டுப்பட்ட இடத்தில் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்ள, ஃபைப்ரின் என்ற புரத இழைகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி ரத்தத்தைத் தடுக்கின்றன. அதன் பிறகு ஓரத்துத் தோல் செல்கள் நடுவை நோக்கி ஊர்ந்து வருகின்றன. அவை ஊர்வதற்கு ஈரம் வேண்டும்.

இதை நிரூபித்தவர் ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர். பன்றிகளின் தோலில் சிறு காயங்களை உண்டாக்கி, சிலவற்றைக் காற்றாட விட்டார். சிலவற்றைப் பாலித்தீன் படலத்தால் மூடினார். மூடிய புண்ணில் புதுத்தோல் ஏறக்குறைய இரு மடங்கு வேகமாகப் பரவியது. 1962-ல் ‘நேச்சர்’ இதழில் அந்த ஆய்வு வந்தது. காய்ந்த பொருக்கு இருந்தால் செல்கள் அதற்கு அடியில் ஈரம் இருக்கும் ஆழத்துக்கு இறங்கி, வழி அரித்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. அதனால்தான் தாமதம்.

“புண்ணைக் காற்றாட விடு, காயட்டும்” என்று இன்னும் வீடுகளில் சொல்கிறோம். அந்தப் பழக்கத்தை விட்டுவிடலாம். சிறு காயமென்றால் ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவி, சுத்தமான துணியால் மூடி, துணி நனைந்தாலோ அழுக்கானாலோ மாற்றினால் போதும். கட்டு ஒட்டிக்கொண்டால் வெடுக்கென்று இழுக்காதீர்கள். புதிதாக வளர்ந்த தோலும் சேர்ந்து பிய்ந்துவிடும். சுத்தமான தண்ணீர் விட்டு ஊறவைத்து எடுங்கள். காபித்தூள், சாம்பல், சாணம் எதுவும் வேண்டாம். மண்ணிலும் சாணத்திலும் டெட்டனஸ் கிருமியின் வித்துக்கள் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அழுக்குக் காயம் பட்டு, கடைசி டெட்டனஸ் ஊசி போட்டு 5 ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தால் மறுபடி போட்டுக்கொள்ள வேண்டும்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் முள் குத்தியதே தெரியாது. தினமும் படுக்கப் போகுமுன் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பாருங்கள். குனிய முடியாவிட்டால் கண்ணாடியை வைத்துப் பாருங்கள், அல்லது வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். சின்னக் கீறலாக இருந்தாலும் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.