குழந்தைகளுடன் எளிய வீட்டு விளையாட்டுகள்: பயன்களும் பாதுகாப்பும்

கவிழ்த்த கிண்ணங்களுக்குள் பொம்மையைத் தேடுதல், டம்ளர்களை அடுக்கிச் சரித்தல், பரமபதத்தில் பாம்பிடம் அகப்படுதல் போன்றவை பெரியவர்களுக்கு அற்பமாகத் தோன்றலாம். ஆயினும் பேச்சு, பொறுமை, கவனம், விரல்களின் நுண்ணிய இயக்கம் ஆகியவற்றில் பலவற்றைக் குழந்தை இத்தகைய விளையாட்டுகளின் வழியாகவே கற்கிறது. இவற்றைப் பயனுள்ள வகையிலும் பாதுகாப்பாகவும் விளையாடும் முறையை இப்பக்கம் விளக்குகிறது.

விளையாட்டின் பயன்கள்

முதல் ஐந்து ஆண்டுகளில் மூளை மிக வேகமாக வளர்கிறது. குழந்தை ஒலி எழுப்ப, பெற்றோர் மறுமொழி கூற, குழந்தை மீண்டும் சிரிக்கும் பரிமாற்றம் அவ்வளர்ச்சிக்குத் துணைநிற்கிறது. கைப்பேசித் திரை இதற்கு ஈடாகாது. 2 வயதுக்குட்பட்டோர் திரை பார்ப்பதைத் தவிர்க்க வேண்டும். 2 முதல் 4 வயதினருக்கு நாளொன்றுக்கு 1 மணி நேரத்திற்கு மிகக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2019-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது.

பரமபதத்தில் வெற்றியைத் தீர்மானிப்பது திறமையன்று; விழும் எண்ணே. ஆகவே, 5 வயதுக் குழந்தை தாத்தாவை உண்மையாகவே வெல்ல முடியும். எவரும் வேண்டுமென்றே தோற்கத் தேவையில்லை. உச்சியை நெருங்கிய காய் பாம்பின் வாயில் அகப்பட்டு இறங்கும்போது வீடே சிரிக்கிறது. ஏமாற்றத்தைத் தாங்கும் பழக்கம் இவ்வாறு சிறுகச் சிறுக உருவாகிறது.

வயதிற்கேற்ற விளையாட்டுகள்

• 1 வயது வரை: துணியால் முகத்தை மறைத்துத் திறத்தல்; உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, விரல்களை நண்டுபோல் ஊரச் செய்து கிச்சுகிச்சு மூட்டுதல். அடுத்து வருவதை எதிர்பார்க்கக் குழந்தை கற்கிறது.
• 1 முதல் 3 வயது: டம்ளர்களை அடுக்கித் தள்ளுதல், மூன்று கிண்ணங்களுள் ஒன்றில் பொம்மையை ஒளித்துக் கண்டுபிடிக்கச் செய்தல்.
• 4 முதல் 5 வயது: கைக்குள் உள்ள விதைகள் ஒற்றையா, இரட்டையா என ஊகித்து எண்ணுதல், புளியங்கொட்டைக் குவியலை ஊதிச் சிதறடித்து, பிற கொட்டைகள் அசையாமல் ஒவ்வொன்றாக எடுத்தல்.
• 6 வயதுக்கு மேல்: பல்லாங்குழி, தாயம், ராஜா ராணிச் சீட்டு.

விளையாடும் முறை

ஒரு முறைக்குப் பத்து நிமிடங்கள் போதும். குழந்தை சலிப்படையும் முன்பே நிறுத்துங்கள். கைப்பேசியை அப்பால் வைத்துவிடுங்கள். விளையாட்டைத் தேர்வாக மாற்ற வேண்டாம். தோற்று அழும் குழந்தையைக் கேலி செய்யாமல், “தோற்றது வருத்தமாக இருக்கிறதா?” என்று கேட்டு அணைத்துக்கொள்ளுங்கள். அமர்ந்து விளையாடுவது ஓடி விளையாடுவதற்கு மாற்றாகாது; இரண்டும் தேவை.

கவனிக்க வேண்டிய ஆபத்து

5 வயதுக் குழந்தைக்குப் பொருத்தமான புளியங்கொட்டை, அருகில் தவழும் தம்பி தங்கையின் உயிருக்கு ஆபத்தாகலாம். 3 வயதுக்குட்பட்டோர் கையில் கிடைப்பதை வாயிலிடுவர். சோழி, விதை, மணி, கோலிக்குண்டு ஆகியவை அவர்களுக்கு எட்டக் கூடாது. விளையாடும் முன்பும் பின்பும் எண்ணிப் பார்த்து, மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். பொத்தான் வடிவ பேட்டரியை விழுங்கினால் 2 மணி நேரத்திற்குள்ளேயே உணவுக்குழாயில் கடுமையான புண் ஏற்படலாம். உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

தொண்டையில் அடைத்தால்

• குழந்தை பலமாக இருமினால், இருமவிட்டு அருகில் இருங்கள். வாய்க்குள் விரலை விட்டுத் துழாவ வேண்டாம்.
• இருமவோ, அழவோ, மூச்சுவிடவோ இயலாவிடில், முன்புறம் சாய்த்து, தோள்பட்டை எலும்புகளுக்கு இடையே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை தட்டுங்கள். 1 வயதுக்குட்பட்ட குழந்தையை முன்கையின் மேல் தலை தாழ்ந்திருக்கும்படி குப்புறக் கிடத்தித் தட்ட வேண்டும்.
• பொருள் வெளிவராவிடில், 1 வயதுக்குட்பட்டோருக்கு மார்பின் நடுவில் 5 முறை அழுத்துங்கள். அதற்கு மேற்பட்டோருக்குப் பின்னால் நின்று, தொப்புளுக்குச் சற்று மேலே உள்நோக்கியும் மேல்நோக்கியும் 5 முறை அழுத்துங்கள். அடைப்பு நீங்கும் வரை இரண்டையும் மாறி மாறிச் செய்யுங்கள்.
• உடனிருப்பவர் 108-ஐ அழைக்கட்டும். குழந்தை நினைவிழந்தால் இதய இயக்க மீட்பு முதலுதவியைத் தொடங்க வேண்டும்.

திடீரென வந்த இருமல் தானே அடங்கினாலும் ஆபத்து நீங்கியதாகக் கருத வேண்டாம். விதை மூச்சுக்குழாயில் தங்கி, சில நாட்களுக்குப் பின் விடாத இருமல், இழுப்பு, காய்ச்சல் என வெளிப்படலாம். சளித்தொல்லை என்றே தவறாகக் கருதவும் நேரலாம். குழந்தை எதை வைத்து விளையாடியது என்பதை மருத்துவரிடம் தவறாமல் கூறுங்கள். மூக்கில் சிக்கிய விதையை வீட்டில் எடுக்க முயல வேண்டாம்.

மருத்துவரை எப்போது அணுக வேண்டும்?

விளையாட்டு வளர்ச்சியைக் கவனிக்கும் வாய்ப்புமாகும். 1 வயதாகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, 18 மாதங்களாகியும் விரும்பியதைச் சுட்டிக்காட்டாமை, 2 வயதாகியும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாமை, கற்ற திறனை எந்த வயதிலும் இழத்தல் ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும், “போகப்போகச் சரியாகிவிடும்” என்று காத்திருக்க வேண்டாம். கிராம சுகாதாரச் செவிலியரையோ ஆரம்ப சுகாதார நிலையத்தையோ அணுகுங்கள். தேவைப்படும் குழந்தைகள் மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்திற்குப் பரிந்துரைக்கப்படுவர். விரைவில் தொடங்கும் பயிற்சி கூடுதல் பலனளிக்கும்.