நாலாவது ரயிலுக்கு இடமில்லை

கொழும்பு ஹெவ்லொக் டவுனில் இருப்பவருக்கு மேற்கே ஒரு ரயில் பாதை, கிழக்கே ஒன்று. வெள்ளவத்தைப் பக்கம் இறங்கினால் கடலோடு ஒட்டிய கரையோரப் பாதை. கிருலப்பனைப் பக்கம் போனால் களனிவெளிப் பாதை. (ஊருக்குப் பெயர் தந்த ஆர்தர் ஹெவ்லொக் 1890 முதல் 1895 வரை இலங்கை ஆளுநர். கரையோரப் பாதை காலியைத் தொட்டது அவர் காலத்தில், 1894இல்.) கணினியில் ரயில் ஓட்டும் விளையாட்டுக்குத் தாமே ஒரு பாதை அமைக்க விரும்புகிறவர் இந்த இரண்டையும் வரைந்து பார்த்தால் போதும், பாதி ரயில்வே பொறியியல் கைக்கு வந்துவிடும்.

'மைக்ரோசொப்ட் டிரெயின் சிமுலேட்டர்' 2001இல் வந்தது. அதற்காக அமைத்த பாதைகளை 'ஓப்பன் ரெயில்ஸ்' என்ற இலவச மென்பொருளில் இன்றும் ஓட்டலாம். இதில் நிலம் 2048 மீற்றர் சதுரங்களாகப் பிரிந்திருக்கும். சதுரத்துக்குள் 8 மீற்றருக்கு ஒரு உயரப் புள்ளி. உயரங்களைப் பெரும்பாலோர் எடுப்பது, 2000 பெப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் ராடார் கொண்டு பூமியை அளந்த தரவிலிருந்து. அதில் 30 மீற்றருக்கு ஒரு புள்ளிதான் உண்டு. சிக்கல் அதுமட்டுமல்ல. ராடாருக்குத் தரை எது, மாடி எது என்று தெரியாது. கூரையையும் மர உச்சியையும் சேர்த்தே அளந்துவிடும். வெள்ளவத்தையில் கடற்கரையை ஒட்டி நிற்கும் மாடிக் கட்டடங்களின் தயவில், 30 மீற்றர் தூரத்துக்குள் நிலம் 3 மீற்றர் எழும்புவதாகப் பதிவானால், சாய்வு பத்துக்கு ஒன்று. மலையகப் பாதையின் மிகச் செங்குத்தான ஏற்றமே நாற்பத்து நாலுக்கு ஒன்றுதான். நானுஓயாவுக்கு ஏறுவதைவிட நாலு மடங்கு மோசமான மேடு, கடல் மட்டத்தில்!

இதைத் திருத்த வழி ஒன்றே. நம்பத்தகுந்த இரு இடங்களின் உயரத்தை எடுத்து, நடுவே சீரான சாய்வில் தண்டவாளத்தைப் போட்டுவிட வேண்டும். பிறகு அதற்கேற்ப நிலத்தை வெட்டவும் நிரப்பவும் வேண்டும். மண்வெட்டியோடு இந்தப் பாதையைப் போட்டவர்கள் செய்ததும் அதைத்தான்.

களனிவெளியில் சோதனை வேறு. அது முதலில் 762 மில்லிமீற்றர் குறுகிய பாதை. சிக்கனமாகப் போட வேண்டும் என்பதால், மேட்டை வெட்டாமல் சுற்றிப் போகும் இறுக்கமான வளைவுகள். 1990களில் அதை 1676 மில்லிமீற்றராக அகலமாக்கினார்கள்; வளைவுகள் பெரும்பாலும் பழையபடியே. இங்கே கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம். 200 மீற்றர் ஆரை கொண்ட வளைவில் மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் போனால், பக்கவாட்டு ஆர்முடுகல் செக்கனுக்குச் செக்கன் 0.6 மீற்றர். வேகத்தை 80 ஆக்கினால் அது இரண்டு மடங்கல்ல, நாலு மடங்கு: ஏறக்குறைய 2.5. புவியீர்ப்பில் கால்வாசி. நின்றுகொண்டு வருகிறவர் பக்கத்திலிருப்பவர் மடியில்தான். வரைபடத்தின் மேல் கோடு இழுக்கும்போது சோம்பலில் வளைவுகளைச் சற்று நிமிர்த்தினால் விளையாட்டில் ரயில் பறக்கும். நேர அட்டவணை முழுவதும் பொய்யாகிவிடும்.

அட்டவணைதான் எனக்குப் பிடித்த பகுதி. இஞ்சினுக்குச் சரியான நிறம் பூசவும் ஹோர்ன் ஒலியைப் பதிவுசெய்யவும் மாதக்கணக்கில் மெனக்கெடுகிறவர்கள், அட்டவணையை ஒரே மாலையில் எழுதி முடிப்பது எனக்கு விளங்குவதேயில்லை.

ஓப்பன் ரெயில்ஸில் அட்டவணை என்பது ஒரு விரிதாள்: வரிசைகளில் நிலையங்கள், நிரல்களில் ரயில்கள். 30 செக்கன் நிறுத்தம் என்று எழுதுவது சுலபம். ஆனால் மணிக்கு 60 கிலோமீற்றரில் வரும் ரயில் வேகம் குறைத்து, நின்று, மறுபடி வேகம் எடுப்பதற்குள் ஒரு நிமிடத்துக்கு மேல் போய்விடும். அலுவலக நேரத்தில் மிதிபலகையில் தொங்குகிறவர்கள் இறங்கி வழிவிட்ட பிறகுதான் உள்ளே இருப்பவர் இறங்க முடியும் என்பதையும் கூட்டினால், 30 செக்கன் வெறும் கனவு.

ஒற்றைத் தடத்தில் இது இன்னும் கடுமை. ரயில்கள் ஒன்றையொன்று விலகிப் போகக்கூடிய இரு நிலையங்களுக்கு இடையே ஓட்டம் 8 நிமிடம் என்று வைப்போம். போக 8, வர 8. தடம் காலியானதை உறுதிசெய்து அடுத்த ரயிலை விட, ஒவ்வொரு முறையும் 2. ஆக, ஒரு சோடி ரயிலுக்கு 20 நிமிடம். மணிக்கு மூன்று சோடி. நாலாவதை எந்த இஞ்சின் இழுத்தாலும் இடமில்லை. சரி நடுவில் விலகும் தடம் ஒன்று போட்டால்? 4, 4, மேலே 4: 12 நிமிடம், மணிக்கு ஐந்து சோடி. சில நூறு மீற்றர் தண்டவாளம், எந்தப் புதிய இஞ்சினும் தராத பலனைத் தந்துவிடுகிறது.

இதைக் கண்ணால் பார்க்க 19ஆம் நூற்றாண்டிலேயே ஒரு வழி இருந்தது. பிரெஞ்சு உடலியலாளர் மாரே தம் நூலில் சேர்த்த பாரிஸ்–லியோன் ரயில் வரைபடம் புகழ்பெற்றது. குறுக்கே நேரம், நெடுக்கே நிலையங்கள். ஒவ்வொரு ரயிலும் ஒரு சாய்கோடு. கோடு செங்குத்தானால் வேகம் கூட, படுத்தால் நிறுத்தம். ஒற்றைத் தடத்தில் எதிரெதிர்க் கோடுகள் விலகும் தடமுள்ள நிலையத்தில் மட்டுமே வெட்டிக்கொள்ளலாம். வேறெங்கு வெட்டினாலும் அது மோதல். நிஜத்தில் அதைத் தடுக்க எட்வர்ட் டையர் 1878இல், டேப்லட் என்னும் அனுமதி வில்லையைத் தரும் கருவியைக் கண்டுபிடித்தார். இலங்கையின் ஒற்றைத் தடங்களிலும் அது புழங்கியது. சாரதி கையில் டேப்லட் இல்லாமல் ரயில் அடுத்த பகுதிக்குள் நுழையக்கூடாது.

அட்டவணையை எழுதியபின், களனிவெளிப் பாதையில் மருதானையிலிருந்து காலை ரயிலை வேண்டுமென்றே ஐந்து நிமிடம் பிந்தி விடுங்கள். நுகேகொடயிலோ மஹரகமயிலோ எதிர் ரயில் அதற்காகக் காத்து நிற்கும்; அந்தப் பிந்தல் இன்னொன்றுக்குத் தாவும். இரவு வரை எல்லாமே பிந்தி ஓடினால் அட்டவணையில் இளக்கம் போதாது; முதல் நிலையத்திலேயே சரியாகிவிட்டால் ரயில்களைச் சும்மா நிறுத்தி வைத்திருக்கிறீர்கள்.